வெள்ளி நிறத்தை நம்பி எர்த் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள்

பினாங்கில், அதிலும் பத்து மாவுங் போன்ற கடலோரப் பகுதிகளில் கேபிள் வேலை கொடுக்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் புதிய கம்பிரசர்களுக்கு ஒரு குத்தகையாளர் கவசக் கேபிள் (உள்கம்பிகளைச் சுற்றிச் செப்புப் பின்னல் கவசமாக உள்ளது) இழுத்தார். கவசத்தை எர்த் செய்ய வெள்ளீயம் பூசிய செப்பு லக் (கம்பி முனையை போல்டில் மாட்டும் உலோகத் துண்டு), துருப்பிடிக்காத எஃகு போல்ட் என்று விலைப்பட்டியலில் தெளிவாக எழுதியிருந்தார். அதற்கான பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு மலிவான அலுமினிய லக்கைப் பொருத்திவிட்டார். இரண்டும் ஒரே வெள்ளி நிறம். அந்தத் துணிச்சல்தான்.

சில மாதங்களில், கம்பிரசர் ஓடத் தொடங்கினாலே வெப்பநிலைக் கருவி கண்டபடி எண் காட்ட ஆரம்பித்தது. பெட்டியைத் திறந்தால் லக்குகளைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருக்கிறது. ஒன்றைத் தொட்டேன், கழுத்தோடு ஒடிந்து கையில் வந்தது. கேபிளின் செப்புப் பின்னலோ கறுத்திருந்ததே தவிர ஓர் இழைகூட அறுபடவில்லை. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு பாட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். செம்பின் பரப்பு பெரிதாகவும் அலுமினியம் சிறிதாகவும் இருந்தால் கரைவது இன்னும் வேகம். அந்த மாவு மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் இழந்த கவசம், கருவியைக் குழப்பும் மின் இரைச்சலைத் தடுக்காது. 11 கிலோவோல்ட் கேபிளாக இருந்தால் கவசத்திலேயே ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் ஏறி நிற்கலாம்.

கூப்பிட்டுக் கேட்டதற்கு, "கடலோரம் என்றால் அரிக்கத்தான் செய்யும் அண்ணே" என்றார். பிறகு ஆள் அனுப்பி, மீதமிருந்த லக்குகளின் மேல் வெள்ளிப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார். எனக்கு இதுதான் தாங்கவில்லை. அலுமினியத்தை மட்டும் பெயிண்டால் மூடினால், ஊசிமுனை அளவு இடைவெளி இருக்கும் இடத்தில் அரிப்பு முழுவதும் குவிந்து ஆழமாகத் துளைக்கும்.

வேலை தொடங்கும் முன்பே ஒரு லக்கை வாங்கிக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்பு என்றால் உள்ளே சிவப்புத் தெரியும். அலுமினியம் சுரண்டச் சுரண்ட வெள்ளைதான். கையில் எடுத்தாலே தெரியும், அதே அளவுச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். அலுமினியக் கம்பியைச் செப்புப் பட்டையில் இணைத்தே ஆகவேண்டும் என்றால், ஒரு பாதி அலுமினியமும் மறு பாதி செம்புமாக ஆலையிலேயே ஒட்டவைத்த ஈருலோக லக் கேளுங்கள். இணைப்பில் ஈரம் புகாதபடி, உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கி இறுகும் வெப்பச்சுருக்கக் குழாயும் போடச் சொல்லுங்கள்.

வேறொருவரை வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம். ஒடிந்த லக்கையும் விலைப்பட்டியலையும் படமெடுத்து எரிசக்தி ஆணையத்திற்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். பழைய குத்தகையாளர் இன்னும் ஒரு ரிங்கிட்கூடத் திருப்பித் தரவில்லை.