சிறுவாணியா, போரா? கிளாசிக் பாணிக் குளியலறையில் ஏழு ஆண்டுகள்

கோவையில் 1991-இல் கட்டிய எங்கள் வீட்டின் மாடியில், பெரிய படுக்கையறையோடு சேர்ந்த குளியலறையை 2018-ஆம் ஆண்டு முழுவதுமாக உடைத்து, கிளாசிக் பாணியில் புதுப்பித்தோம். 9 அடி நீளமும் 7 அடி அகலமும் உள்ள அறை அது. வெள்ளைச் சிறு டைல்ஸ், ஆத்தங்குடிக் கல், பித்தளைக் குழாய்கள், தூண்மேல் நிற்கும் வாஷ்பேசின் என்று மூன்று மாதம் படங்களாகச் சேர்த்ததில் தடித்த கோப்பு ஒன்றே உருவாகிவிட்டது. வேலை தொடங்கிய அன்று பிளம்பர் அந்தக் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "ஏனுங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குது. இந்த ரூமுக்கு எந்தத் தண்ணிங்க, சிறுவாணியா, போருங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பைப் பார்த்தேன்.

கோவைவாசிகளுக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் சிறுவாணி அணையிலிருந்து வரும் நீரில் உப்பு மிகக் குறைவு. ஆனால் அது எங்கள் தெருவுக்குச் சில நாள்களுக்கு ஒருமுறைதான் வரும். போர்த் தண்ணீர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்று நீர் எந்நேரமும் கிடைக்கும். காய்ந்த இடத்தில் எல்லாம் வெள்ளைப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். பழைய குளியலறையில் ஷவரின் துளைகளில் பாதி அடைந்தே கிடந்ததற்கும், இரண்டு முறை கீசரின் சூடேற்றும் கம்பியை மாற்றியதற்கும் இந்த உப்புத்தான் காரணம். நாங்களோ உப்புக்கறை பளிச்சென்று தெரியும் பொருள்களாகவே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தோம். அன்று மாலையே திட்டத்தை மாற்றி, மொட்டைமாடியில் சிறுவாணி நீருக்குத் தனித் தொட்டி வைத்து, ஷவர், வாஷ்பேசின், கீசர் மூன்றையும் அதனோடு இணைத்தோம். ஃபிளஷ் டேங்க்கும் கழிப்பறையின் கைக்குழாயும் போர்த் தண்ணீரிலேயே இருக்கட்டும் என்று விட்டோம். கோடையில் சிறுவாணி குறைந்தால் மாற்றிக்கொள்ள இடையில் வால்வுகள் உள்ளன. ஏழு ஆண்டுகளில் அவற்றைத் திருப்ப வேண்டியிருந்தது நான்கு கோடைகளில் மட்டும்தான்.

இதில் ஒரு நுணுக்கத்தையும் பிளம்பர்தான் சொன்னார். சூடான நீரும் குளிர்ந்த நீரும் கலக்கும் மிக்ஸருக்கு அவை இரண்டும் ஒரே தொட்டியிலிருந்து வர வேண்டும். கீசருக்கு ஒரு தொட்டி, பச்சைத் தண்ணீருக்கு வேறு உயரத்தில் இன்னொரு தொட்டி என்று வைத்தால், அழுத்தம் கூடிய பக்கத்து நீர் குறைந்த பக்கத்தை எதிர்த்துத் தள்ளும். வெந்நீர் நினைத்த நேரத்தில் நின்றுவிடும். செலவை மிச்சப்படுத்துவதற்காகக் கீசருக்கு மட்டும் சிறுவாணி போதும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்; நல்லவேளையாக அவர் கேட்கவில்லை.

அழுத்தத்தைப் பற்றி முன்கூட்டியே யோசிக்காததற்கு ஒரு விலை கொடுத்தோம். படங்களில் எல்லாம் அகலமான ஷவர் தட்டு இருந்ததால் நாங்களும் 8 அங்குலத் தட்டாக வாங்கினோம். எங்கள் தொட்டியின் அடிப்பகுதி ஷவருக்கு மேலே ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 10 மீட்டர் உயரத்து நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும் என்பதால், எங்களுக்குக் கிடைத்தது கால் பார். கடையில் பம்ப் வைத்து ஓடவிட்டுக் காட்டிய மழை, வீட்டில் தூறலாகிவிட்டது. பிரஷர் பம்ப் வாங்கலாமா என்று ஓராண்டு யோசித்துவிட்டு, இறுதியில் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற 5 அங்குலத் தட்டை மாட்டினோம். குளிப்பதற்கு அதுவே போதுமாக இருக்கிறது. பெரிய தட்டு பரணில் இருக்கிறது.

திட்டமிடலில் நேரமும் பணமும் அதிகம் சென்றது, இன்று கண்ணுக்கே தெரியாத பகுதிக்கு. மாடிக் குளியலறை என்பதால் தளம் ஓரடி தாழ்த்திப் போடப்பட்டு, அந்தப் பள்ளம் செங்கல் ஜல்லியால் நிரப்பப்பட்டிருந்தது. உடைத்துப் பார்த்தபோது ஜல்லி முழுவதும் ஊறிக் கிடந்தது. கீழே சாப்பாட்டு அறையின் கூரையில் பல ஆண்டுகளாக ஏறிய ஓதத்துக்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. பள்ளத்தைக் காலி செய்து, கழிவுக் குழாய்களைப் புதிதாகப் பதித்து, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கைகள் கொடுத்த பிறகு, மூன்று நாள்கள் தண்ணீர் கட்டி வைத்தோம். சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்ததில், முதல் முறை மட்டம் ஒரு விரற்கடை இறங்கியது. குழாய் தளத்தைத் துளைத்து வெளியேறும் இடத்தில் கசிவு இருந்தது. அதைச் சரிசெய்து மறுபடியும் மூன்று நாள்கள் கட்டினோம். ஒப்பந்ததாரருக்கு இந்த ஒரு வாரத் தாமதம் பிடிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து நானே ஒருமுறை தயங்கினேன். ஆயினும் சாப்பாட்டு அறையின் கூரை இதுவரை ஒரு துளி ஓதமும் இல்லாமல் இருக்கிறது. 25 நாள்களில் முடியும் என்ற வேலை 58 நாள்கள் ஆனதில் இந்த வாரத்தை மட்டும் நான் தாமதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிங்கப்பாதம் போன்ற கால்கள் கொண்ட வார்ப்பிரும்புத் தொட்டி ஒன்று என் கோப்பின் முதல் பக்கத்தில் இருந்தது. தொட்டி 150 கிலோ, நீர் 200 லிட்டர், குளிப்பவர் எடை என்று கூட்டினால் 400 கிலோவைத் தாண்டுகிறது. அது முழுவதும் நான்கு சிறு கால்களில் இறங்கும். வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது என்பதால், தளத்தைப் பரிசோதிக்காமல் சம்மதிக்க முடியாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். ஆசையை உண்மையில் அடக்கியது அதைவிடச் சிறிய கணக்கு. எங்கள் 25 லிட்டர் கீசரின் நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால், இதமான சூட்டில் 60 லிட்டர் கிடைக்கும். தொட்டி நிறைய மூன்று முறைக்கு மேல் சூடேற்ற வேண்டும். அதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும். நாள்கணக்கில் முறை வைத்து வரும் நீரை அப்படி நிரப்பிப் படுத்துக் குளிக்க மனமும் வராது. அந்த இடத்தில் இப்போது ஒரு தேக்கு முக்காலி இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் சனிக்கிழமைகளில் அதற்கு இணை எதுவும் இல்லை.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிப் பலரும் கேட்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடியில் கையால் செய்யப்படும் இந்தக் கல் சூளையில் வேகாதது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் நிரப்பி, பின்னர் நீரில் ஊறவைத்து இறுகச் செய்கிறார்கள். அதன் வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வருவது. சிமெண்டு என்பதால் அமிலம் பட்டால் அரிக்கும். வழவழப்பு என்பதால் சோப்புத் தண்ணீர் பட்டால் வழுக்கும். எனவே வாசலிலிருந்து வாஷ்பேசின் வரையுள்ள உலர்ந்த பகுதிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, குளிக்கும் பகுதிக்குச் சொரசொரப்பான அறுகோணச் சிறு டைல்ஸ் போட்டோம். இரண்டுக்கும் நடுவே அரை அங்குல இறக்கமும் ஒரு கடப்பாக்கல் பட்டையும் உண்டு. ஆத்தங்குடிக் கல் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தடிமன், மற்றது 8 மில்லிமீட்டர். இந்த வேறுபாட்டை அடிக்கலவை போடுவதற்கு முன்பே மேஸ்திரியிடம் சொல்லாவிட்டால் தரையின் மட்டமும் நீரோடும் வாட்டமும் கெட்டுவிடும். ரசமட்டத்தை நம்பாமல், ஒரு வாளி நீரை ஊற்றி அது போகும் வழியைப் பார்த்த பிறகே கல் பதிக்க ஒப்புக்கொண்டேன்.

ஏழு ஆண்டுகளில் அந்தக் கற்கள் எனக்கு ஒரே ஒரு முறைதான் வருத்தம் தந்தன. நாங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் உதவிக்கு வந்தவர், கழிப்பறைக்கு என்று வைத்திருந்த அமிலம் கலந்த திரவத்தால் நல்லெண்ணத்தோடு தரை முழுவதையும் தேய்த்துவிட்டார். பேசினுக்கு அருகில் நான்கு கற்கள் மங்கிப்போயின. இன்றும் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிகின்றன. சில துளி தேங்காய் எண்ணெயை நீரில் கலந்து துடைத்தால் பளபளப்பு ஏறும் என்பது செட்டிநாட்டு வழக்கம். கூடத்தில் அது சரி. குளியலறையில் எண்ணெய் வேண்டாம். வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

சுவருக்கு 3 அங்குலம் உயரமும் 6 அங்குலம் நீளமும் உள்ள வெள்ளை டைல்ஸ். 1904-இல் திறக்கப்பட்ட நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களின் சுவர்களால் புகழ்பெற்ற அளவு அது. எளிதில் கழுவலாம், அழுக்கு உடனே தெரியும் என்பதால்தான் அக்காலக் குளியலறைகளுக்கும் வெள்ளை பிடித்துப்போனது. அழுக்கு தெரிய வேண்டும் என்பதற்காகவே வைத்த நிறத்தை, அழுக்கு தெரிகிறதே என்று நாம் நொந்துகொள்கிறோம். குளிக்கும் பகுதியில் 7 அடி உயரமும் மற்ற இடங்களில் 4 அடி உயரமும் ஒட்டி, மேலே வண்ணம் பூசினோம். படங்களில் சுவரின் கீழ்ப்பாதியில் கண்ட மரப்பலகையை இந்த ஈரத்தில் நம்ப முடியவில்லை. இடைவெளிகளுக்கு எபாக்சி என்னும் பிசின் கலவையை வெளிர் சாம்பல் நிறத்தில் நிரப்பியது நல்ல முடிவு. வெள்ளைச் சிமெண்டு போட்ட கீழ்த்தளக் குளியலறையில் இடுக்குகள் எல்லாம் பழுப்பேறிவிட்டன. விளிம்பு சரிந்த டைல்ஸைத் தேர்ந்தெடுத்தது அவ்வளவு நல்ல முடிவில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

பித்தளையில்தான் நாங்கள் அதிகம் ஏமாந்தோம். கடைக்காரர் கறுக்கவே கறுக்காது என்று உறுதி சொன்ன ஷவர் தொகுதியின் மேல் லாக்கர் என்னும் நிறமற்ற மெல்லிய பூச்சு இருந்தது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பூச்சு ஓரங்களில் உரிந்து, உள்ளே நீர் புகுந்து, தேமல் போலத் திட்டுத் திட்டாகக் கறுத்தது. புளி போட்டுத் தேய்க்கவும் வழியில்லை. லாக்கருக்கு மேல் புளி என்ன செய்யும்? இறுதியில் எல்லாவற்றையும் கழற்றி, பித்தளைப் பாத்திரங்களுக்கு மெருகு போடும் பட்டறையில் கொடுத்துப் பூச்சை முழுவதும் எடுத்துவிட்டோம். இப்போது அது வெறும் பித்தளை. நாள்தோறும் கைபடும் இடம் மின்னுகிறது, மற்ற இடங்கள் பழைய குத்துவிளக்கின் நிறத்தில் இருக்கின்றன. தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் புளியால் தேய்க்கிறேன். வெறும் பித்தளை, அல்லது வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் பி.வி.டி. முறையில் பித்தளை நிறம் பூசிய குழாய் என்று இரண்டில் ஒன்றை வாங்குங்கள், இடைப்பட்டதை வாங்காதீர்கள்.

பழைய பாணியின் உண்மையான பயன் அழகைவிட அதன் வெளிப்படைத் தன்மையில்தான் இருக்கிறது என்பதை நான் பழுது பார்க்கும் நாள்களில் உணர்ந்தேன். ஷவரின் மிக்ஸரும் மேலேறும் குழாயும் சுவருக்கு வெளியே நிற்கின்றன. ஐந்தாம் ஆண்டில் உள்ளே நீரைத் திறந்து மூடும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்தபோது அரை மணி நேரத்தில் மாற்றினார்கள். நீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் மாற்றிவிடும் டைவர்ட்டரைச் சுவருக்குள் புதைத்து வைத்திருக்கும் என் தங்கை, இதே பழுதுக்கு டைல்ஸை உடைத்து, அதே நிறம் கிடைக்காமல் இன்றும் ஒட்டுப்போட்ட சுவரோடு இருக்கிறாள். தனி டேங்க் வைத்த கழிப்பறைப் பீடமும் அப்படித்தான்; உள்ளிருக்கும் வால்வு தெருமுனைக் கடையில் கிடைக்கிறது.

தூண்மேல் நிற்கும் பேசின் அழகானது, சாமான் வைக்க இடமில்லாதது. பக்கத்தில் ஒரு தேக்கு அலமாரி செய்த பிறகே அமைதி வந்தது. கண்ணாடியின் கீழ் விளிம்பு நான்காம் ஆண்டில் கறுத்தது. தரையில் குளித்த நீர் இறங்கும் கழிவுநீர்ப் பொறியின் மேல் வைத்த பூவேலைப் பித்தளை மூடி, தலைமுடி அடைத்து அடைத்து மாதம் ஒருமுறை சண்டை தந்ததால், சாதாரண மூடிக்கு மாறினோம்.

தென்மேற்குப் பக்கத்து ஜன்னலை அடைத்துவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் வைக்கலாம் என்றார்கள். மறுத்தேன். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த ஜன்னல் வழியாக வந்து, காலைக் குளியலின் ஈரத்தைப் பத்து மணிக்குள் துடைத்துவிடுகிறது. பூஞ்சை என்ற பேச்சே எழவில்லை. ஃபேனை ஐப்பசி மழையில் மட்டும் போடுகிறோம்.

மொத்தச் செலவு, 2018 விலையில், 4 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். அதில் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போனது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதில் அடக்கம், அதில் பேரம் பேசாதீர்கள்.

சென்ற ஆண்டு என் மாமியாருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்து, அவர் மாடி அறைக்கு மாறினார். அன்றுதான் அந்தத் தடித்த கோப்பில் கைப்பிடிக் கம்பி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தேன். பீடத்தின் அருகில் ஒன்று, ஷவரின் அருகில் ஒன்று என்று பித்தளைக் கம்பிகள் வாங்கி வந்தோம். விளிம்பு சரிந்த டைல்ஸின் மேல் கம்பியின் வட்டத் தகடு சமமாக உட்காரவில்லை; ஒரு முனை மேட்டிலும் மறு முனை சரிவிலும் நின்றது. திருகை இறுக்கியபோது இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டன. அவற்றை எடுத்துவிட்டு, தகடு அமரும் நான்கு இடங்களிலும் தட்டையான டைல்ஸை வைத்து, செங்கல் வரை துளையிட்டுக் கம்பிகளைப் பொருத்தினார்கள். "அப்பவே வெச்சிருந்தா இத்தனை பாடு இல்லீங்களே" என்றார் மேஸ்திரி. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்துவிட்டு, அதை இன்னும் நான்கு விரல் கீழே வைத்திருக்கலாம் என்றார். அது சரிதான், அவரை நிற்கச் சொல்லி உயரம் அளக்காமல், என் உயரத்துக்கு வைத்துவிட்டேன்.