அரை ஏக்கர் மனை, சின்ன ஊர், ஒன்பது வருடம்

சின்ன ஊர் ஒன்றில் அரை ஏக்கர் மனையோடு ஒரு வீட்டை வாங்கிக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாங்கும்போது அறைகளை எண்ணினோம், சுவர்களைத் தட்டிப் பார்த்தோம். மனையைப் பின்வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்ததோடு சரி. இத்தனை வருடத்தில் வீடு எங்களைப் பெரிதாகப் படுத்தவில்லை. படுத்தியதெல்லாம் சுற்றியிருக்கிற மண்தான்.

அரை ஏக்கர் என்றால் 21,780 சதுர அடி. சதுரமான மனையாக இருந்தால் சுற்றுவேலி 590 அடியில் முடிந்துவிடும். எங்களுடையது 75 அடி அகலத்தில் ரயில்பெட்டி மாதிரி பின்னால் நீளும் மனை. வேலி 730 அடி! அதே பரப்புதான், 140 அடி வேலி கூடுதல். பரப்பளவை மட்டும் கேட்டுவிட்டு மனையின் வடிவத்தைக் கேட்காமல் விட்டதற்குக் கொடுத்த விலை.

அடுத்தது செப்டிக் டேங்க். இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. டேங்கிலிருந்து வழியும் நீர், துளையிட்ட குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கும். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. முதல் கோடையில் தோட்டம் முழுக்கக் காய்ந்து கிடக்க, பின்பக்கம் ஒரு துண்டு மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. நல்ல மண் போலிருக்கிறது என்று இரண்டு மரக்கன்றுகளை அங்கேயே நட்டேன். மளமளவென்று வளர்ந்தன. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டேன். நாலாம் வருட மழைக்காலத்தில் கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை. தோண்டினால், குழாய்க்குள் சடைமுடி மாதிரி வேர். இரண்டு மரத்தையும் வெட்டி, குழாயை மாற்றி, மூன்று வாரம் பட்டபாடு! அதற்குப் பிறகு பிளீச்சிங்கைத் தாராளமாக ஊற்றும் பழக்கத்தையும் விட்டோம். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா செத்தால் டேங்க் சீக்கிரம் நிறைந்துவிடும்.

மழைத்தொட்டி மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக உழைத்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் 1,500 சதுர அடிக் கூரையில் 10 மி.மீ பெய்தாலே 1,390 லிட்டர்வரை வரும். 5,000 லிட்டர் தொட்டி ஒரே இரவில் வழிந்த நாட்கள் உண்டு. மழைக்கு முன் கூரைத் தூம்பில் சருகை அள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான்.

மனையின் கோடியில் இருக்கும் மோட்டாருக்கு முதலில் இழுத்தது மெல்லிய வயர். தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்கி, மோட்டார் சூடானது. தடித்த கேபிள் போட்ட பிறகு சரியானது. பழுது பார்க்கிறவர் ஊருக்கு ஒருவர்தான் என்பதால், அவர் வருகிற நாள்தான் நமக்கு நாள். முதல் வருடம் கத்தினேன். இப்போது உதிரி பாகங்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

புல் வெட்ட ஒரு ஞாயிறு முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகப் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கைத் தொடுவதே இல்லை. பிள்ளைகளுக்கு அது காடு, பொழுதெல்லாம் அங்கேதான்.

டேங்க் மூடி எங்கே, குழாய்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று ஒரு படம் வரைந்து மோட்டார் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். நாங்கள் வாங்கியபோது அப்படி ஒரு தாளை யாரும் தரவில்லை.