பேஸ்மென்ட்டில் லைசென்ஸ் கேட்கும் மென்பொருள்: என் அனுபவம்

வியாசர்பாடி நண்பர் ஒருவர் பெரிய கட்டடம் ஒன்றின் பி.எம்.எஸ். (ஏசி போன்றவற்றை ஒரே இடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் கட்டட மேலாண்மை அமைப்பு) பராமரிப்பைப் புதிதாக எடுத்திருக்கிறார். அதன் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேக்நெட் நெட்வொர்க்கைக் கண்காணிக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கணுமா, இலவசமாகக் கிடைக்கும் யாபே (பேக்நெட் கருவிகளைத் தேடிப் படிப்பது), வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிரித்துக் காட்டுவது) போதுமா என்று கேட்டார். இரண்டையும் சில வருடங்களாகப் புழங்குகிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

காசு மென்பொருளின் பெயர் வேண்டாம். வேலையில் கெட்டி. ராத்திரி முழுக்க பேக்நெட்டுக்கான 47808 போர்ட்டில் போகிறது வருகிறது எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்கும். காலையில் திறந்தால் எந்தக் கன்ட்ரோலர் (ஏசி போன்றவற்றை இயக்கும் சின்னக் கருவி) எத்தனை மணிக்கு விழுந்தது, எது ஓயாமல் 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று எல்லோரையும் கேட்கும் ஹூ-ஈஸ் பிராட்காஸ்ட் போடுகிறது என்று வரிசையாகக் காட்டும். ராயபுரத்தில் ஒரு கட்டடத்தில் ஒரே சப்நெட்டுக்குள் (நெட்வொர்க்கின் ஒரே பகுதிக்குள்) இரண்டு கருவிகளில் பி.பி.எம்.டி.யை (பிராட்காஸ்ட்டை மற்றப் பகுதிகளுக்குக் கடத்தும் வசதியை) ஆன் செய்து விட்டிருந்தார்கள். பிராட்காஸ்ட் எல்லாம் இரட்டிப்பாகி நெட்வொர்க் திணறிக்கொண்டிருந்தது. கையால் தேடினால் நாள்கணக்கில் இழுத்திருக்கும். இது முதல் ரிப்போர்ட்டிலேயே பிடித்துக் கொடுத்தது. அந்த ரிப்போர்ட்டை அப்படியே கட்டட மேனேஜர் கையில் கொடுக்கலாம், அவருக்கும் புரியும்.

ஆனால் அந்த லைசென்ஸ் விஷயம் இருக்கிறதே, அதை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. சில நாளுக்கு ஒருமுறை இன்டர்நெட்டில் போய்ச் சரிபார்த்தால்தான் மென்பொருள் திறக்கும். நான் வேலை பார்க்கிற பிளான்ட் ரூம்கள் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில். மொபைல் சிக்னல் அங்கே இறங்காது. பி.எம்.எஸ். நெட்வொர்க்கையோ வெளி இன்டர்நெட்டோடு சேர்க்கக் கூடாது. பாதுகாப்பில் முதல் பாடமே அதுதான். மேலே ஏ.ஹெச்.யு. (குளிர்காற்றை அனுப்பும் பெரிய இயந்திரம்) நின்று, ஆபீஸ் முழுக்க வியர்த்து, போன் மேல் போன் வரும் நேரத்தில், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராம்ப் ஏறி, கேட் பக்கத்தில் ஹாட்ஸ்பாட் போட்டு அது சுற்றி முடிக்கும்வரை நிற்க வேண்டியிருக்கிறது. காசு கட்டியவனையே திருடனாகப் பார்க்கிற ஏற்பாடு இது. சப்போர்ட்டுக்கு எழுதினால் அடுத்த வெர்ஷனில் பார்க்கிறோம் என்கிறார்கள். அடுத்த வெர்ஷனும் வந்தது, அதுவும் அப்படியேதான் கேட்கிறது.

அப்புறம், எம்.எஸ்.டி.பி. (சாதாரண கம்ப்யூட்டர் நெட்வொர்க்கான ஐ.பி.க்குப் பதில், ஒரே கம்பியில் கன்ட்ரோலர்களைக் கோர்க்கும் பேக்நெட் வகை) பக்கம் இந்தக் காசு மென்பொருள் எட்டிப் பார்ப்பதே இல்லை. இரண்டையும் இணைக்கும் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கன்ட்ரோலர் பதில் சொல்லாவிட்டால் சிவப்பில் 'ஆஃப்லைன்', அவ்வளவுதான். ஏன் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு கட்டடத்தில் எஃப்.சி.யு. (அறைக்கான சின்ன ஏசி யூனிட்) கன்ட்ரோலர் ஒன்று வருவதும் போவதுமாக இருந்தது. யாபேயில் பார்த்தால் ஒரு நேரம் பிரசன்ட் வேல்யூ (அந்த நேரத்து அளவு) வருகிறது, மறு நேரம் டைம்அவுட். சரி என்று, லேப்டாப்போடு இணைக்கும் ஆர்.எஸ்.485 கன்வெர்ட்டரை அந்த எம்.எஸ்.டி.பி. கம்பியான டிரங்க்கில் மாட்டி, எம்.எஸ்.டி.பி.கேப் என்ற சின்ன இலவச நிரலை ஓடவிட்டு, அது எழுதிய கோப்பை வயர்ஷார்க்கில் திறந்தேன். 'இனி பேசும் முறை உனக்கு' என்று சொல்லும் 8 பைட் டோக்கன் ஃப்ரேம்கள் ஒவ்வொன்றாகக் கைமாறுவது கண்ணுக்குத் தெரிகிறது: 12ஆம் நம்பர் கன்ட்ரோலர் கொடுக்க 13, 13 கொடுக்க 14. 14 கொடுக்கிறது, 15 வாங்கவில்லை. 14 இன்னொரு முறை கொடுத்துப் பார்க்கிறது. அப்போதும் பதில் இல்லை. உடனே 'போல் ஃபார் மாஸ்டர்' அனுப்பி, 15ஐத் தாண்டி யார் இருக்கிறார்கள் என்று தேட ஆரம்பிக்கிறது. 16 குரல் கொடுத்ததும் டோக்கன் அங்கே போய்விடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து 15 மறுபடி வளையத்துக்குள் வருகிறது, மறுபடி விழுகிறது.

நேராக 15ஆம் நம்பர் கன்ட்ரோலரிடம் போய்க் கவரைக் கழற்றினேன். டெர்மினலில் செம்புக் கம்பி பச்சை பூத்துக் கிடந்தது. உப்புக் காற்றின் வேலை. நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, ஃபெரூல் (கம்பி நுனிக்கான உலோக உறை) போட்டு இறுக்கியதும் டோக்கன் தடையில்லாமல் ஓடியது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பிக்குள் நடக்கும் பேச்சை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஒன்று இலவசமாகக் கிடைப்பது இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான்.

இதில் சிரமம் இல்லாமல் இல்லை. ஃப்ரேம் படிக்கப் பழகணும், ரிப்போர்ட்டை நீங்களே எழுதணும், ராத்திரி விழுந்ததைக் காலையில் தட்டில் வைத்துத் தராது. ஐ.பி. பக்கம் பெரிதாக இருக்கும் கட்டடத்துக்குக் காசு மென்பொருள்தான் சரி என்பதை மறுக்க மாட்டேன்.

அப்படியும் இந்த வருடம் நான் அதைப் புதுப்பிக்கவில்லை. விலையையும் குறைத்திருக்கிறார்கள், அதனால் விலை என் காரணம் இல்லை. ஆத்திர அவசரத்துக்குத் திறக்காத கருவி என் பையில் வேண்டாம். நண்பரிடமும் வாங்காதே என்றுதான் சொன்னேன். அந்தக் காசில் கொஞ்சத்தைப் போட்டு ஐசொலேஷன் (லேப்டாப்பையும் கம்பியையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைப்பது) உள்ள நல்ல யு.எஸ்.பி. ஆர்.எஸ்.485 கன்வெர்ட்டர் வாங்கச் சொன்னேன். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது 76800 பாட் வேகத்தில் ஓடுமா என்று கேட்டு வாங்கணும். மலிவானவற்றில் சில 38400 வரை நன்றாக ஓடி, அதற்கு மேல் திணறுகின்றன.