கபுக்கல் வீட்டின் மேல் இரும்புக் கால் மாடி: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கைக்குள் எங்கள் வீடு. காணி 4 பேர்ச்சஸ், அதாவது 1,089 சதுர அடி. இரண்டே அறை, அதற்குள் மூன்று தலைமுறை. சுவரெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கபுக்கல் (செம்பூராங்கல்); அதன் தலையில் மாடியை ஏற்ற எந்த எஞ்சினியரும் கையெழுத்து வைக்கமாட்டார். இடித்துக் கட்டுவதென்றால் அத்தனை மாதமும் வாடகை வீடு. வெள்ளவத்தை வாடகை தெரியும்தானே.

அதனால் பழைய சுவரைத் தொடவேயில்லை. நாலு விரல் தள்ளி, தனி அத்திவாரத்தில் எச் (H) வடிவ இரும்புத் தூண்களை ஓட்டுக்கூரையின் முகட்டுக்கும் மேலே எழுப்பி, அங்கே தளம் போட்டோம். பகத்தலே வீதி 33ஆம் ஒழுங்கையில் கட்டிடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா நாலு சிறு பங்களாக்களைச் சேர்த்து ஒரே வீடாக்கினார். எங்களுக்குப் பக்கத்தில் வாங்க வழியில்லை, ஆகாயம்தான் மிச்சம்.

தளம் நேர்ட் சிலாப், அதாவது இலங்கையின் தேசிய பொறியியல் ஆராய்ச்சி நிலையம் (NERD) உருவாக்கிய தளம். முன்னழுத்தம் கொடுத்த கொங்கிரீட் பீம்களை இரண்டடிக்கு ஒன்றாக வைத்து, கம்பிவலை விரித்து, 2 அங்குலம் கொங்கிரீட் போடும் முறை. பாரம் குறைவு, கீழே முட்டுக் கொடுக்கவும் தேவையில்லை. அது இறுகிய பிறகுதான் ஓட்டைக் கழற்றினோம். அதுவரை குசினியில் சோறு வெந்துகொண்டுதான் இருந்தது.

இதில் எதிர்பாராத லாபம் கீழ் ஹோல். சுவர் உச்சிக்கும் சிலாப்புக்கும் இடையில் நாலடி வெளி கிடைத்தது. அதை மூடாமல் மரச்சட்டமும் நுளம்பு வலையும் அடித்தோம். ஏப்ரல் புழுக்கத்திலும் மத்தியானம் ஃபான் போதும். ஆனால் உயரம் கூடினால் படியும் கூடும். அம்மா இதுவரை மேலே வந்து படுத்ததில்லை, "எனக்குக் கீழேயே காணும்" என்கிறா.

மேலே வாழ்வது வேறு கதை. சுவர் சீமெந்துப் பலகை. பக்கத்து அறைத் தொலைபேசிப் பேச்சு முழுதும் கேட்கும், பாரமான அலுமாரி மாட்டவும் ஏலாது. தகரக் கூரைக்குக் கீழே வெப்பம் தடுக்கும் தாள் போட்டபடியால் சூடு பரவாயில்லை. மே மாத மழை பிடித்தால்தான் தகரச் சத்தத்தில் டிவியை நிறுத்த வேண்டும். 2022இல் சீமெந்துப் பை 3,000 ரூபாயைத் தாண்டியபோது பாதியில் நின்ற மேல் குளியலறை பிறகுதான் முடிந்தது.

உண்மையான தலையிடி துரு. உப்புக்காற்று வெல்டிங் மூட்டுகளையும் தூண் கொங்கிரீட்டுக்குள் இறங்கும் இடத்தையும்தான் முதலில் தின்னும், அங்கேதான் தண்ணீர் தேங்கும். ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு அடிக்கிறோம். கடல் பக்கமென்றால் விலை கூடினாலும் கல்வனைஸ் செய்த (நாகம் பூசிய) இரும்பையே கேளுங்கள். தூணடியைத் தரைக்கு மேல் அரையடி உயர்த்தி, சரிவாகப் பூசச் சொல்லுங்கள். மேசன் பாஸ்மார் தாமாகச் செய்யமாட்டார்கள்.

மாநகர சபைக்குப் பிளான் கொடுக்கும்போது இரும்பு வேலைக்குத் தனி வரைபடமும் எஞ்சினியரின் கையெழுத்தும் எடுத்து வையுங்கள். வேலை முடிந்து இணக்கச் சான்றிதழுக்குப் போகும்போது அதைத்தான் முதலில் கேட்டார்கள்.