"நாலு மாசக் கோழி" என்று வாசலில் வந்து விற்கிறார்களா? வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவில் ஒரு ஊரில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் விளை, தென்னையும் வாழையும். அதில் மூன்று நாட்டுக்கோழி மேயும். முட்டை இடும், அடை கிடக்கும், குஞ்சு பொரிக்கும், அதுகள் பாட்டுக்கு ஒரு குடும்பம் நடத்தும். எங்கள் கைக்கு முட்டை வருவது அபூர்வம். மகளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுக்கலாமே என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வம்பை விலைக்கு வாங்கினேன். ஆறு கோழி, ஒன்று 450 ரூபாய்.

மாசிக் கடைசியில் மைக் கட்டின வண்டி ஒன்று தெருவுக்குள் வந்தது. "நாலு மாசக் கோழி, இன்னும் ரெண்டு வாரத்துல முட்டை, வருசத்துக்கு முந்நூறு முட்டை" என்று பதிவு செய்த குரல் ஓடிக்கொண்டே இருந்தது. கூண்டுக்குள் செவலை நிறத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கோழிகள். எங்க மாமி திண்ணையில் இருந்தபடியே, "பிள்ளே, அதுக்க கால பாரு, வெளுத்துப் போய்க் கெடக்கு. இளங்கோழிக்க கால் இப்பிடியா இருக்கும்?" என்றார். விற்றவன் சிரித்துக்கொண்டு, "அம்மா, இது நாட்டுக்கோழி இல்லல்லா, இந்த எனத்துக்குக் கால் அப்பிடித்தான்" என்றான். நானும் தலையாட்டினேன். மாமி சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

விளையில் இறக்கி விட்டதும் ஆறும் அப்படியே நின்றன. நாட்டுக்கோழி என்றால் கால் தரையில் பட்ட உடனே கிளறும். இதுகளுக்கு மண் என்றால் என்னவென்றே தெரியவில்லை. நகம் நீண்டு வளைந்து கிடந்தது. சாயங்காலம் கம்பில் ஏறத் தெரியாமல் கூட்டு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டிக்கொண்டன. புது இடம், பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாளே முட்டை. ரெண்டு வாரம் ஆகும் என்றவன் வாக்குக்கு மூன்றே நாளில் முட்டை என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அதுவும் நல்ல பெரிய முட்டை. எடுத்துக் கையில் வைத்ததும் விரல் உள்ளே அமுங்கியது. தோடே (முட்டை ஓடே) இல்லை. இளநுங்கைத் தோலோடு பிடித்த மாதிரி, வெதுவெதுப்பாக, வெறும் சவ்வுக்குள் ஆடிக்கொண்டிருந்தது. மாமி பார்த்ததும், "தோல்முட்டை" என்றார். அடுத்த நாள் ரெண்டு தோல்முட்டை, ஒன்று தோடு இருந்தும் அப்பளம் போல நொறுங்கியது. கூட்டுக்குள் உடைந்ததை மற்ற கோழிகள் கொத்தித் தின்னவும் பழகிவிட்டன.

விற்றவன் நம்பருக்கு அழைத்தேன். "எடம் மாறுனா ரெண்டு நாள் அப்பிடித்தான் போடும், எக்கா" என்றான். இதில் பாதி உண்மை இருப்பதுதான் சங்கடம். பயந்த கோழி, வண்டியில் அலைந்த கோழி ஒன்றிரண்டு தோல்முட்டை இடுவது உண்டுதான். ஒரு வாரம் கழித்து அழைத்தால் எடுக்கவில்லை. அதற்கப்புறம் நம்பரே உபயோகத்தில் இல்லை.

சரி, மருந்து பார்ப்போம் என்று பக்கத்து டவுனில் ஒரு தீவனக் கடைக்குப் போனேன். எனக்கு அந்தக் கோழிக்காரனைவிட இந்தக் கடைக்காரர்மேல்தான் கோபம் அதிகம். அவன் விற்றுவிட்டுப் போகிறவன். இவர் தினம் அங்கேயே உட்கார்ந்து வியாபாரம் செய்கிறவர். "தோல்முட்டையா? சூடுதான் காரணம்" என்றபடி ஒரு கால்சியம் டானிக்கும், மஞ்சள் நிறப் பொடி உள்ள மருந்து பாக்கெட் ஒன்றும் எடுத்து வைத்தார். கோழி என்ன தின்கிறது, தும்முகிறதா, கழிகிறதா, ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ரெண்டையும் ஒரே தண்ணியில கலக்கிக் குடுங்க, முட்டை கூடும்." 300 ரூபாய். பில் கேட்டேன், சில்லறை இல்லை என்று சொல்வது போல, "பில்லு இல்ல" என்றார்.

அஞ்சு நாள் கொடுத்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் ஒரு கோழி தீனி எடுக்காமல், வாலைத் தொங்கப்போட்டு, ஆள் நிற்பது போல நிமிர்ந்து நின்றது. வயிறு வீங்கித் தண்ணீர்ப் பை மாதிரி இருந்தது. முக்கிக்கொண்டே இருந்தது, ஒன்றும் வரவில்லை. பெட்டியில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் அம்மா கோழியைத் திருப்பிப் பிடித்து வாலைத் தூக்கினார். "எத்தனை மாசம்னு சொன்னாங்க?" என்றார். நாலு என்றேன். என் விரலைப் பிடித்துக் கோழியின் பின்பக்கம் வைத்தார். முட்டை வரும் துவாரத்துக்கு ரெண்டு பக்கமும் ஊசி போல ரெண்டு எலும்பு தட்டுப்பட்டது. நடுவில் மூன்று விரல் தாராளமாகப் போனது. முட்டை இடாத இளங்கோழிக்கு அங்கே ஒரு விரல் நுழைந்தாலே அதிகமாம். துவாரமும் சிறுசாக, வட்டமாக, காய்ந்து இருக்குமாம். இதற்கு அகலமாக, ஈரமாக, வெளுத்துப்போய் இருந்தது. கால் வெளுத்ததும் அதனால்தான். மஞ்சள் கால் உள்ள இனங்களுக்குத் தீனியில் வரும் மஞ்சள் நிறம் முட்டைக்கருவுக்குப் போய்விடுவதால், மாதக்கணக்கில் முட்டை இட்ட கோழிக்குக் கால் நிறம் இறங்கிவிடும். மாமி திண்ணையில் இருந்தே சொன்னது இதைத்தான்.

பெரிய பண்ணைகளில் முட்டைக்கோழியை ஏறக்குறைய 72 முதல் 80 வாரம் வரை வைத்திருப்பார்கள். அதற்குமேல் முட்டை குறையும், தோடு மெலியும். பண்ணை அவற்றைக் கறிக்குக் கழித்துவிடும். அந்தக் கழித்த கோழிகளைத்தான் நான் "நாலு மாசக் கோழி" என்று காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். கூண்டிலேயே வளர்ந்ததால்தான் கிளறத் தெரியவில்லை, நகம் தேயவில்லை. மூக்கு நுனி வெட்டியிருந்ததையும் காட்டினேன். அது சாட்சி ஆகாது, குஞ்சிலேயே வெட்டுவார்கள், நிஜ இளங்கோழிக்கும் வெட்டியிருக்கும் என்றார்.

எனக்கு உறைத்தது அவர் சொன்ன இன்னொன்று. இளங்கோழியின் முதல் முட்டைகள் சிறுசாக இருக்கும். வயதாக ஆக முட்டை பெருக்கும், ஆனால் தோட்டுக்குக் கோழி கொடுக்கும் சுண்ணாம்பு அந்த அளவுக்குக் கூடாது. அதே சுண்ணாம்பைப் பெரிய முட்டைமேல் பரப்ப வேண்டியிருப்பதால் தோடு மெலிந்துபோகும். நான் பெருமையாக அக்கம்பக்கத்தில் காட்டிய அந்தப் பெரிய முட்டைதான் அவனுடைய பொய்க்குச் சாட்சி.

அப்புறம் பாக்கெட்டை வாங்கி, ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் படித்தார். ஆக்ஸிடெட்ராசைக்ளின். கிருமி நோய்க்கான ஆன்டிபயாடிக், தோல்முட்டைக்கு அது மருந்தே இல்லை. போதாததற்குக் கால்சியத்தோடு ஒரே தண்ணீரில் கலந்தால் ரெண்டும் ஒட்டிக்கொள்ளும், ரெண்டுமே உடம்பில் ஒழுங்காகச் சேராது. "இந்த நாளெல்லாம் முட்டைய யார் சாப்பிட்டா?" என்று கேட்டார். தோடு இருந்த முட்டைகளை மகளுக்குத்தான் கொடுத்தேன். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்தி டாக்டர் சொல்லும் காலம் வரைக்கும் முட்டையைத் தூரப் போட வேண்டும் என்பதை அந்தக் கடையில் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த வெப்ராளம் கோழி செத்ததற்குக்கூட வரவில்லை.

ஆமாம், செத்துவிட்டது. தோடில்லாத முட்டை வழுக்கி வெளியே வராமல் உள்ளேயே சிக்கி உடைந்திருக்கிறது. முட்டையைத் தள்ளுகிற தசைக்கும் கால்சியம் வேண்டும், அதுவும் அதன் உடம்பில் இல்லை. டாக்டர் முயன்று பார்த்தார், நாள் கடந்துவிட்டது. நாலு நாள் கழித்து இன்னொன்றும் போனது.

என் தப்பையும் மறைக்கவில்லை. பழஞ்சோறு, தவிடு, மரச்சீனிக் கிழங்குத் தோல், இதுதான் போட்டேன். ஒரு முட்டைத்தோட்டில் மட்டும் 2 கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருப்பது அதற்காகத்தான். சோற்றிலும் கிழங்கிலும் அது எங்கே இருக்கிறது? கோழி தன் எலும்பைக் கரைத்துத் தோடு கட்டும், அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை. வெயிலில் வாய் திறந்து இளைக்கிற கோழிக்கும் தோடு மெலியும், அந்தக் கடைக்காரர் சொன்ன "சூடு" முழுப் பொய் இல்லை. வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களும் தோல்முட்டையாகக் காட்டும். அதனால்தான் தும்மல், பச்சையாகக் கழிவது, கழுத்து திருகுவது உண்டா என்று டாக்டர் முதலில் கேட்டார். இல்லை. புதுக்கோழியை ரெண்டு வாரம் தனியே வைக்காமல் பழைய கோழிகளோடு விட்டதற்கு மட்டும் நன்றாகத் திட்டு வாங்கினேன். கழிச்சல் தடுப்பூசிக்கு வருசாவருசம் பிப்ரவரியில் அரசே முகாம் நடத்துகிறது. அது முடிந்த கையோடுதான் நான் கோழி வாங்கியிருக்கிறேன்!

மிச்சம் நாலு. முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்றினேன். குளச்சல் பக்கம் கட்டிக் கொடுத்த என் தங்கை சிப்பி அவித்துத் தின்ற தோடு ஒரு சாக்கு கொண்டுவந்தாள். உப்புப் போகக் கழுவி, காயவைத்து, உரலில் குருணை அளவுக்கு இடித்து, சாயங்காலம் தனிச் சட்டியில் வைக்கிறேன். தோடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், பெரும்பாலும் ராத்திரியில். நைசான பொடி சீக்கிரம் கரைந்துவிடும், குருணை கோழியின் வயிற்றில் நின்று மெல்லக் கரையும். பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். அதைச் செய்யாதீர்கள், வாயும் தொண்டையும் வெந்துபோகும். முட்டை இடாத குஞ்சுகளுக்கு இந்தச் சிப்பியும் முட்டைக்கோழித் தீவனமும் வேண்டாம், அதிகக் கால்சியம் அதுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ரெண்டு கோழி இப்போது தோடுள்ள முட்டை இடுகின்றன, வாரத்துக்கு ரெண்டு மூன்று. ஒன்று மண் கிளறப் படித்துவிட்டது. "சவத்த, கொழம்பு வச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று சொல்லும் மாமிதான் தினம் அதற்குப் புழு பொறுக்கிப் போடுகிறார்.

நேற்று கருங்கல் பக்கம் அதே மைக் குரல் கேட்டதாகத் தங்கை சொன்னாள். அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கோழியைக் கையில் வாங்கி, எலும்புக்கு நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.