கம்பெனி எடுத்துச் செய்யும் மாநகராட்சிப் பள்ளி: வகுப்பு அருமை, பராமரிப்பு மோசம்

வியாசர்பாடி பக்கம் என் மகள் படிக்கிற மாநகராட்சி நடுநிலைப் பள்ளிக்கு ஒரு பெரிய கம்பெனி சிஎஸ்ஆரில், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணத்தில், உதவுகிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் பெற்றோர் உறுப்பினர் என்பதால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். உங்கள் பள்ளிக்கும் இப்படி யாராவது வந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இருப்பதிலேயே அருமை சனிக்கிழமை அறிவியல் வகுப்பு. கம்பெனி ஊழியர்களே வந்து நடத்துகிறார்கள். பேட்டரி, ஒயர், சின்ன பல்பு எல்லாம் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, தொடர் இணைப்பில் ஒரு பல்பைக் கழற்றினால் இன்னொன்றும் அணைவதையும் பக்க இணைப்பில் அப்படி அணையாததையும் அவர்களையே செய்து பார்க்க விடுகிறார்கள். என் மகள் வீட்டுக்கு வந்து ஃபேனை நிறுத்திவிட்டு டியூப்லைட் எரிகிறதா என்று பார்த்து, அப்ப நம்ம வீட்டுல பக்க இணைப்புதான்பா என்றாள். வகுப்பு டீச்சரும் கூடவே உட்கார்ந்து, வராத பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை அதையே திரும்ப நடத்துகிறார். ஆசிரியரை ஓரம்கட்டாமல் சேர்த்துக்கொண்டதால்தான் இது நிற்கிறது.

ஸ்மார்ட் போர்டு பரவாயில்லை. அதில் ஏற்றிக் கொடுத்த பாடங்கள் நம் சமச்சீர் புத்தகத்தோடு ஒட்டவில்லை, அதனால் டீச்சர்கள் பாடப்புத்தகத்து கியூஆர் கோடு வீடியோக்களைத்தான் போடுகிறார்கள்.

குடிதண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ மெஷின்தான் பெரிய ஏமாற்றம். திறப்பு விழா, ஃப்ளெக்ஸ் எல்லாம் நடந்தது, வாரன்ட்டி முடிந்ததும் ஃபில்டர் அடைத்துக்கொண்டது. ஒப்படைத்துவிட்டோம் என்கிறது கம்பெனி, இதற்கென்று தனி நிதி இல்லை என்கிறார் எச்எம், நடுவில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டில் சுமக்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

இது தர்மம்தானே, கேள்வி கேட்கலாமா என்று சில பெற்றோர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். 2013 கம்பெனிகள் சட்டம் 135வது பிரிவின்படி, நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பலன் என்ன என்று வெளியாரை வைத்து மதிப்பிடச் சொல்லும் விதியும் இருக்கிறது, ஆனால் அது 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு, அதுவும் பெரிய கம்பெனிகளுக்குத்தான். நம் மாதிரி ஒற்றைப் பள்ளிக்கு வரும் மெஷினைத் திரும்பி வந்து பார்க்க யாருக்கும் கட்டாயம் இல்லை. நாம்தான் பார்க்க வேண்டும்.

அரசே 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' தொடங்கி, கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் பள்ளிகளுக்கு உதவ வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. எந்த வழியில் வந்தாலும் பொருளை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். 3 வருஷத்துக்காவது ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), கூப்பிட்டால் எடுக்கிற ஒரு ஆளின் நம்பர், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

வகுப்புக்கு ஐந்துக்கு ஐந்து, மெஷினுக்கு ஒன்று. அடுத்து கழிப்பறை கட்டித் தருகிறோம் என்கிறார்கள். ரொம்பத் தேவைதான். ஆனால் தண்ணீருக்கும் தூய்மைப் பணியாளர் சம்பளத்துக்கும் யார் பொறுப்பு என்று கடிதத்தில் வந்த பிறகே தீர்மானம் போடலாம் என்று குழுவில் சொல்லியிருக்கிறேன்.