கம்பளி நூலுக்கு எந்த மஞ்சள்?

ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் சீசன் கூட்டம். எனக்கு அது சாயம் போடும் காலம். காலையில் நல்ல வெயில், பின்னேரம் இடியோடு மழை. பதினொரு மணிக்குள் சிட்டத்தை (சுற்றிக் கட்டிய நூல் கண்டை) அலசிக் கொடியில் போட்டுவிட்டால் மழைக்கு முன் தண்ணீர் வடிந்துவிடும்.

நூற்பதற்குக் கையால் சுழற்றும் கதிரான தக்கிளியா, சக்கரம் வைத்த ராட்டையா என்று கேட்பவர்களுக்கு என் பதில் தக்கிளிதான். ராட்டை பருத்தியின் குட்டை நாருக்கு ஏற்ற வேகத்தில் சுழல்வது. மெரினோ ஆட்டுக் கம்பளி போன்ற நீள நாரை அதில் விட்டால் முறுக்கு மிஞ்சி நூல் சுருண்டுகொள்கிறது. தக்கிளியென்றால் இஸ்தோப்பில் நின்று கதைத்தபடியே நூற்கலாம்.

சரி, சாயத்துக்கு வருவோம். மஞ்சள் நிறத்துக்கு நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பவை மூன்று: சமையல் மஞ்சள், வெங்காயத் தோல், பலாமரத் தூள்.

சமையல் மஞ்சளுக்கு, சாயத்தை நூலில் பிடிக்கவைக்கும் படிகாரம்கூட வேண்டாம். அரை மணி நேரத்தில் நூல் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெயில் பட்டால் நிற்காது; சவர்க்காரமும் ஆகாது. ஆலத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கரைத்ததும் சிவக்குமே, அதேபோல என் மகளின் தொப்பியில் உடுப்புச் சவர்க்காரம் பட்ட இடமெல்லாம் செங்காவியாகிவிட்டது. தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் முக்கியதும் மஞ்சள் திரும்பியது. ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்ய யாரால் முடியும்?

வெங்காயத் தோல் அதைவிட நம்பகமானது. நூலின் எடைக்குச் சமமாகத் தோல் எடுத்தால் செம்பொன் நிறம் வரும். துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர் கொஞ்சம் சேர்த்தால் பாசி நிறத்துக்குத் திரும்பும். தோல் சேர்க்கத்தான் பொறுமை வேண்டும்.

பலாமரத் தூளிடம் நான் போனது 2020இல், இறக்குமதி நின்று மஞ்சள் விலை தாறுமாறாக ஏறியபோது. பிக்குமாரின் காவியுடைக்கு இந்நாட்டில் நெடுங்காலம் நிறம் கொடுத்த மரம் இது. தச்சுப் பட்டறையில் கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள். மரத்தின் நடுவில் இருக்கும் மஞ்சள் வைரத்தின் தூளாகப் பார்த்து வாங்க வேண்டும். 100 கிராம் நூலை 12 கிராம் படிகாரத்தில் முதலில் காய்ச்சிக்கொள்வேன். 200 கிராம் தூளை இரவு ஊறவைத்து, காலையில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, துணியில் இரண்டு முறை வடிப்பேன். ஒரு முறையோடு விட்டால் தூள் நூலில் சிக்கி, பின்னும்போது விரலில் குத்தும்.

மூன்று நூலையும் அட்டையில் சுற்றி, பாதியை மூடி, ஜன்னலில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தேன். சமையல் மஞ்சள் பழைய தாள்போல வெளுத்தது. வெங்காயத் தோல் சற்று மங்கியது. பலா லேசாகப் பழுப்பேறியது, அவ்வளவுதான். மூன்றில் என் தேர்வு பலாதான்.

எதைப் போட்டாலும் சூட்டில் கவனம் வேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆனாலும் நூல் உள்ளே இருக்கும்போது தளதளவென்று கொதிக்க விடக்கூடாது. சுட்ட நூலை ஐஸ் மாதிரி இருக்கும் நம் குழாய்த் தண்ணீரில் முக்கினால் இறுகித் துணிக்கட்டியாகிவிடும். சட்டியிலேயே ஆறவிடுங்கள். அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்க வேண்டாம்.